மூடியில் இருக்கும் முகம்

ஜூன் 1, சனி

மதுரையிலிருந்து மூன்று பெட்டிகள் திரும்பி வந்தன. பிரித்துப் பார்த்தேன். டப்பாக்கள் அனுப்பிய அடுக்குக் கலையாமல் அப்படியே இருந்தன. கூட ஒரு சீட்டு இல்லை. போன மாதம் இரண்டு பெட்டிகள் வந்தபோதும் சீட்டு இல்லை.

தவசிக்கனி அண்ணாச்சிக்கு போன் செய்தேன். மதுரையில் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளுக்கெல்லாம் எங்கள் வதனம் குங்குமம் அவருடைய மொத்தக் கடை வழியாகத்தான் போகிறது. நாங்கள் சங்கரன்கோவிலில் அரைப்பதில் முக்கால் பங்கு அங்கேதான் இறங்குகிறது.

"என்ன அண்ணாச்சி, என்ன குறை?"

"கொறைன்னு இல்ல தங்கச்சி. ஓடல. அவ்வளவுதான்."

"இருபது வருசமா ஓடினது இப்ப ஏன் ஓடல?"

அந்தப் பக்கம் யாரிடமோ கயிறு கேட்டார். பிறகு, "ஆடி ஒண்ணு வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள சரியாவலன்னா அந்தத் தட்டுல வேற டப்பாவ வைக்கணும். கோவிச்சுக்கிடாதீங்க. மனச தைரியமா வச்சுக்கிடுங்க" என்றார். பிப்ரவரியில் துக்கம் கேட்க வந்தபோது பேசிய அதே குரல்.

ஆடி ஒன்று ஜூலை 17. இன்னும் நாற்பத்தாறு நாள். ஆடியில் அந்தத் தட்டு கைவிட்டுப் போனால் நவராத்திரிக்கு யாரும் தேடமாட்டார்கள். நவராத்திரி போனால் வதனம் போயிற்று.

ஒரு நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்திருக்கிறேன். சரக்கு நோட்டில் இதையெல்லாம் எழுத முடியாது.

ஜூன் 3, திங்கள்

கிளை நூலகத்தில் 'வணிகம்' என்று எழுதிய அலமாரி ஒன்று இருக்கிறது. கதவு ஒட்டிப்போயிருந்தது. நூலகர் கையால் குத்தித் திறந்து கொடுத்தார். சிவப்பு அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்தேன். அதைக் கடைசியாக ஒருவர் எடுத்துப் போய் எட்டு வருடம் ஆகிறது. மகள் தாரணி கோயம்புத்தூரில் கட்டடக்கலை படிக்கிறாள். அவள் பரணில் விட்டுப்போன வடிவமைப்புப் புத்தகங்கள் இரண்டையும் தூசி தட்டி வைத்தேன்.

சிவப்பு அட்டைக்காரர் தெளிவாக எழுதுகிறார். சரக்கு தேங்கினால் முதலில் சரக்கைப் பார், அடுத்து கடையைப் பார், அதன்பிறகு பெயரையும் படத்தையும் பார் என்கிறார். முதல் அத்தியாயம் முழுக்கச் சரக்கைப் பற்றியது. எங்கள் சரக்கில் குறையில்லை என்பதால் நேராக மூன்றாம் அத்தியாயத்துக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வரிக்குக் கோடு போட்டேன், நூலகப் புத்தகம் என்பதால் பென்சிலில்: மூடியில் ஒரு முகத்தைப் போட்டால் அந்த முகத்தின் நன்மை தீமை எல்லாம் பொருளுக்கும் சேரும்.

படித்துவிட்டு வெகுநேரம் கையிலிருந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 5, புதன்

அந்த முகம் என்னுடையது. இது தெரியாத யாராவது இந்த நோட்டைப் பார்க்கக் கூடும் என்பதால் எழுதிவைக்கிறேன்.

2002இல் கல்யாணம். அந்த வருடமே என் வீட்டுக்காரர் தன் அப்பா அரைத்துவந்த குங்குமத்துக்கு ஒரு பெயர் வைத்து டப்பா போட்டார். சிவகாசி அச்சகத்தில் என்ன படம் என்று கேட்டதும் சட்டைப் பையிலிருந்து எங்கள் கல்யாண போட்டோவை எடுத்து நீட்டிவிட்டார். அச்சக ஓவியர் மூக்குத்தியைப் பெரிதாக்கினார், பொட்டை அதைவிடப் பெரிதாக்கினார். கன்னத்தில் இருந்த மச்சத்தை எடுத்துவிட்டார். டப்பா வந்த அன்றிலிருந்து ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. என் வயது அப்போது இருபத்திரண்டு. மூடியில் இன்னும் அதே வயதுதான்.

வேலையை அன்றே பிரித்துக்கொண்டோம். கலவை அவர். நெற்றி நான். ஒவ்வொரு கலவையும் காலையில் என் நெற்றியில் ஏறும். மாலை வரை அடுப்படி, வெயில், பேருந்து எல்லாம் பார்த்துவிட்டு வரும். பிறகு சரக்கு நோட்டில் மூன்று கட்டத்தை நிரப்புவேன்: அரிப்பு, நிறம், பரவல். வேதியியல் பட்டத்தை வைத்துக்கொண்டு நான் செய்த ஒரே ஆராய்ச்சி அது.

பிப்ரவரியில் அவர் போனபிறகு நான் பொட்டு வைப்பதில்லை. வைக்காதே என்று யாரும் சொல்லவில்லை. வை என்றும் சொல்லவில்லை. பதினாறாம் நாள் பற்றி இதில் எழுதப்போவதில்லை.

இப்போது சோதனையை முழங்கையின் உள்பக்கத்தில் செய்கிறேன். அங்கே தோல் மெல்லியது. அதுவும் சரியான முறைதான்.

ஜூன் 8, சனி

தாரணியின் புத்தகத்தில் ஒரு பயிற்சி. படத்தின் ஒவ்வொரு பகுதியாக விரலால் மூடிப் பார். எதை மூடினால் அடையாளம் தெரியாமல் போகிறதோ அதுதான் உன் சின்னத்தின் உயிர்.

பெயரை மூடினேன். தெரிகிறது. மூக்குத்தியை மூடினேன். தெரிகிறது. சுற்றியுள்ள மஞ்சள் வட்டத்தை மூடினேன். தெரிகிறது.

பொட்டைக் கட்டைவிரலால் மூடினேன்.

டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டு அரிசி களையப் போனேன்.

சலிக்கிற பேச்சியம்மா இன்று ஸ்டிக்கர் பொட்டு வைத்திருந்தாள். என்னடி புதுசா என்றேன். "சும்மா ஒரு மாத்தத்துக்குத்தான்க்கா" என்றாள். பதினோரு வருடமாக எங்கள் குங்குமத்தைத் தவிர வேறு எதையும் வைத்து நான் பார்த்ததில்லை.

ஜூன் 11, செவ்வாய்

கலவை 14. முழங்கை. அரை மணி நேரம். அரிப்பு இல்லை, நிறம் நன்று.

வெள்ளை இடத்தைப் பற்றி நாற்பது பக்கம் படித்தேன். வெறுமையாக விடும் இடமும் வடிவமைப்பில் ஒரு பகுதியாம்.

ஜூன் 13, வியாழன்

கொழுந்தன் ஆவுடையப்பன் வந்தான். அவர் தம்பி. விற்பனை, லாரி, கடை எல்லாம் இப்போது அவன்தான் பார்க்கிறான். மேசையில் சிவப்பு அட்டைப் புத்தகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன மதினி, பரீட்சையா எழுதப் போறிய? படிச்சுக்கிட்டே இருக்கிய."

"ஆடி ஒண்ணுக்கு எழுதணும்லா?"

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தான். மூடிக்குப் புதுப் படம். மகாலட்சுமி. தாமரை, கிரீடம், இரண்டு பக்கமும் யானை. பொட்டு இடவேண்டிய நெற்றியைக் கிரீடம் மறைத்திருந்தது.

"இது யார் சொல்லி?"

"நான்தான் சிவகாசில சொல்லி வரைய வச்சேன்." தரையைப் பார்த்தான். "மதினி, நான் சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதிய. கடைக்காரன் ஒருத்தனும் வாயத் தெறக்க மாட்டேங்கான். நாலு கடைல கேட்டுட்டேன். டப்பாவ பாக்கான், என்னைய பாக்கான், 'படத்த மாத்திப் பாருங்களேன்'ங்கான். வேற என்னவா இருக்கும்?"

"சொல்லு. என்னவா இருக்கும்?"

"அண்ணன் போனது எல்லாருக்கும் தெரியும்லா. படத்துல இருக்கது யாருன்னும் தெரியும்."

சொல்லிவிட்டான். யாராவது ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது, நல்லதுதான். தாளில் யானைகளின் தந்தம் சரியாக வரையப்படவில்லை என்று சொன்னேன்.

உரிமம் என் பெயரில் இருக்கிறது. நான் கையெழுத்துப் போடாமல் அச்சு ஓடாது. ஜூலை 4க்குள் சொன்னால்தான் ஆடிக்கு மூடி கிடைக்கும் என்றான். எழுந்து போகும்போது, "உங்களைக் கஷ்டப்படுத்தணும்னு இல்ல மதினி" என்றான். தெரியும். அதனால்தான் கோபப்படக்கூட முடியவில்லை.

ஜூன் 14, வெள்ளி

லட்சுமி படம் நன்றாகவே இருக்கிறது. புத்தகம் சொல்கிறபடி பார்த்தால் தவறு ஒன்றுதான்: கடைத்தெருவில் பாதி டப்பாக்கள் அப்படித்தான் இருக்கின்றன. இது தனியாகத் தெரியாது.

இந்தக் காரணத்தை ஆவுடையிடம் சொல்லலாம். மற்றக் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் 16, ஞாயிறு

தாரணி போன் செய்தாள். சித்தப்பா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான்.

"அம்மா, உன் முகத்தை எடுக்கச் சொல்ல அவங்க யாரு? நீ எடுக்காத."

"அது என் முகம் இல்லடி. அது ஒரு வணிகச் சின்னம்."

"அப்படின்னா நீ ஏன் அழுற?"

ஜலதோஷம் என்றேன். அவள், "நீ மறுபடி பொட்டு வச்சுக்கிட்டா என்னம்மா? எங்க காலேஜ் மேடம் ஒருத்தங்க வச்சுக்கிறாங்க" என்றாள்.

பேச்சு பொட்டைப் பற்றி இல்லை, மூடியைப் பற்றி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இந்தப் பிள்ளைகளுக்கு வணிகம் புரிவதில்லை.

ஜூன் 18, செவ்வாய்

சிவப்பு அட்டை, ஏழாம் அத்தியாயம். அறைக்குள் உட்கார்ந்து யோசிக்காதே. உன் பொருள் விற்கிற கடைக்குப் போ. யாரென்று சொல்லாதே. வாங்குகிற கையைப் பார். எடுக்கிற கையைவிட எடுத்துவிட்டுத் திருப்பி வைக்கிற கைதான் அதிகம் பேசும்.

நாளைக் காலை முதல் பேருந்து. ஆவுடையிடம் பல் வைத்தியரைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 19, புதன்

மதுரை போய்வந்தேன். பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 20, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் குங்குமம், மஞ்சள், வளையல் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. முதல் கடையில் வளையல் பார்ப்பது போல நின்றேன். ஒரு மணி நேரத்தில் ஐந்து பெண்கள் எங்கள் டப்பாவை எடுத்தார்கள். ஐந்து பேரும் திருப்பி வைத்தார்கள். முகத்தைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை. இன்னும் சொன்னால் முகத்தை அவர்கள் பார்க்கவே இல்லை. மூடியைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடி வைத்தார்கள்.

ஐந்தாவது பெண்ணிடம் கேட்டுவிட்டேன். "ஏன்மா, அது நல்லா இருக்காதா?"

அவள் திரும்பினாள். வாய் திறந்தாள். பிறகு அவள் கண் என் நெற்றிக்குப் போனது. "சும்மாதான்க்கா பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டாம் கடையிலும் இதேதான். வேறொரு பெண், அதே கண், அதே "சும்மாதான்க்கா". கடைக்காரர் என்னிடம் ஊதுபத்தியைக் காட்டினார்.

சந்தின் முனையில் ஒரு காப்பிக் கடை இருக்கிறது. அங்கே உட்கார்ந்து காப்பியைக் குடிக்காமல் வைத்திருந்தேன். பிறகு எழுந்து போய் வளையல் கடையில் ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு வாங்கினேன். மெரூன், நடுத்தர அளவு. காப்பிக் கடையின் கைகழுவும் இடத்தில் ஒரு கண்ணாடி இருந்தது. முதல் பொட்டு கோணலாக ஒட்டிவிட்டது. எடுத்துவிட்டு இரண்டாவது ஒட்டினேன். ஏழாம் அத்தியாயம் யாரென்று சொல்லாதே என்கிறது. வேடம் போடாதே என்று சொல்லவில்லை.

மூன்றாம் கடைக்குப் போனேன். வதனம் டப்பாவைக் கையில் எடுத்த உடனே பக்கத்தில் நின்ற பெண் என் முழங்கையைப் பிடித்தாள். முன்பின் தெரியாதவள்.

"யக்கா, அத வாங்காதீங்க. முன்ன நல்லா இருந்துச்சு. இப்ப வேர்த்தா மஞ்சளா வடியுது."

"மஞ்சளாவா?"

"ஆமாங்கறேன். எங்க மாமியார் நெத்திலருந்து மூக்கு வரைக்கும் மஞ்சக் கோடு. கோயில் வரிசைல நிக்கறோம், எல்லாரும் பாக்குறாங்க. அவங்க என்னமோ நான்தான் செஞ்ச மாதிரி என்னைய முறைக்கிறாங்க."

அவளோடு வந்தவள் சிரித்தாள். "மஞ்சளா போனா பரவால்ல. எனக்கு அரிச்சு அரிச்சுத் தோலே உரிஞ்சுபோச்சு. அந்த மூடில சிரிக்கிறா பாருங்க, அவ வச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

நானும் சிரித்தேன். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு பொட்டு இருந்தது. உடனே உண்மை வந்தது. அது இல்லாதபோது ஊர் முழுக்க எனக்கு மரியாதை கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தது.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம். ராஜபாளையம் தாண்டும்போது ஸ்டிக்கரை எடுத்து அட்டையில் பழைய இடத்திலேயே ஒட்டிவைத்தேன். அட்டை இந்த நோட்டுக்குள் இருக்கிறது.

ஜூன் 21, வெள்ளி

முதல் அத்தியாயத்தைப் படித்தேன். பதினெட்டுப் பக்கம்தான்.

பிறகு சரக்கு நோட்டை எடுத்தேன். மார்ச் முதல் வாரத்தில் என் கையெழுத்து. துக்கத்துக்காக மூடியிருந்த நாட்களின் ஆர்டர் சேர்ந்துவிட்டது. எலுமிச்சை வரத்தும் குறைவாக இருந்தது. முழுமுறைப்படி மஞ்சளை எலுமிச்சைச் சாற்றிலும் வெண்காரத்திலும் ஊறவைத்து நிழலில் உலர்த்தினால் ஒன்பது நாள் ஆகும். நான் பாதிச் சாற்றை நிறுத்திவிட்டுச் சுண்ணாம்புத் தெளிவு சேர்த்திருக்கிறேன். நான்கே நாள். சிவப்பு உடனே வந்தது. இன்னும் நல்ல சிவப்பாகக்கூட இருந்தது. 'வெற்றி' என்று ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.

சுண்ணாம்பில் சிவக்கும் மஞ்சள் புளிப்புப் பட்டால் மறுபடி மஞ்சளாகும். வியர்வையில் புளிப்பு உண்டு. கல்லூரி முதல் வருடத்தில் மஞ்சள் தடவிய தாளை வைத்து இந்தச் சோதனையைச் செய்து மதிப்பெண் வாங்கியவள் நான்.

முழங்கையின் உள்பக்கம் வியர்க்காது. அரை மணி நேரம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சோதித்தால் நிச்சயமாக வியர்க்காது. நோட்டில் 'நெற்றி' என்று அச்சிட்ட இடத்தை அடித்து 'முழங்கை' என்று எழுதியிருக்கிறேன், பக்கத்துக்குப் பக்கம், மார்ச்சிலிருந்து இன்றுவரை, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு.

மூன்று வாரம் படத்தைத் திருத்தப் படித்திருக்கிறேன்.

ஜூன் 22, சனி

காலையில் பேச்சியம்மாவைத் தனியாகக் கூப்பிட்டேன். ஸ்டிக்கரை எடுக்கச் சொன்னேன். மாட்டேன் என்று தலையாட்டினாள். நானே எடுத்தேன். அடியில் ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் கறுத்து, சொரசொரவென்று இருந்தது.

"எத்தனை நாளா?"

"சித்திரையிலருந்துக்கா."

"ஏன்டி சொல்லல? தினமும் என் முன்னாடி உக்காந்துதான சலிக்க?"

சேலைத் தலைப்பால் நெற்றியை மூடிக்கொண்டாள். "எப்படிக்கா சொல்லுவேன்? நீங்களே நெத்தி வெறுமையா வந்து நிக்கீங்க. ஒங்ககிட்ட வந்து எனக்குப் பொட்டு அரிக்குதுன்னு சொல்ல வாய் வருமா? எவளுக்கும் வராது."

பிறகு அவளே, "அண்ணன் இருந்தா மொத நாளே திட்டியிருப்பேன்" என்றாள். அதற்கு இருவருக்கும் சிரிப்பு வந்தது. எங்களிடம் வேலை செய்கிற மற்ற ஐந்து பேரும் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

ஆவுடையிடம் சொல்வது அவ்வளவு சுலபமாக இல்லை. நோட்டை அவன் முன் வைத்தேன். படித்தான். "அப்ப படம் இல்லையா?" என்றான்.

"படம் இல்ல. நான்."

"ரெண்டும் ஒண்ணுதான மதினி" என்று சொல்லிவிட்டு, சொன்னது என்னவென்று புரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

இருக்கிற சரக்கு ஒன்றுகூட வெளியே போகக் கூடாது என்றேன். கடைகளில் இருப்பதையும் திருப்பி எடுக்க வேண்டும். அவன் மறுக்கவில்லை. ஆனால் லட்சுமி படத்தாளை மட்டும் எடுத்துப் போகவில்லை. "சரக்கு சரியாவட்டும். ஆனா ஒருக்கா பேர் கெட்ட டப்பா. அதே மூஞ்சிய மறுபடி நம்புவாங்களா? உங்க புக்கு என்ன சொல்லுது?"

பத்தாம் அத்தியாயம் அவன் பக்கம்தான் பேசுகிறது. அதை அவனிடம் சொல்லவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

புளியங்குடியிலிருந்து எலுமிச்சை. ஆறு பேரும் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். வெட்டிப் பிழிந்து, மஞ்சளை ஊறப்போட்டோம். அவர் கையெழுத்தில் இருந்த அளவு, ஒரு துளி கூடாமல் குறையாமல். நகக்கண்ணெல்லாம் எரிகிறது.

ஜூலை 2க்கு முன் அரைக்க முடியாது. ஜூலை 4 அச்சகத்தின் கெடு. இடையில் இருப்பது ஒரே நாள்.

ஜூன் 27, வியாழன்

மேகம். நிழலில் உலர்த்துவதற்கும் காற்றில் ஈரம் இருக்கக் கூடாது. தட்டுகளை மூன்று முறை உள்ளே எடுத்தோம், மூன்று முறை வெளியே வைத்தோம். நான்காம் முறை பேச்சியம்மா வானத்தைப் பார்த்துத் திட்டினாள். எழுதக்கூடிய வார்த்தை இல்லை.

ஜூன் 30, ஞாயிறு

ஒரு துண்டை உடைத்துப் பார்த்தேன். உள்ளே வரை சிவந்திருக்கிறது. மார்ச்சுக் கலவையின் பளபளப்பு இதில் இல்லை. உறைந்த ரத்தத்தின் நிறம். இதுதான் எங்கள் நிறம். எப்படி மறந்தேன்?

ஜூலை 2, செவ்வாய்

அரைத்துச் சலித்தாகிவிட்டது. கலவை 15.

சோதனை யார் செய்வது என்ற பேச்சு வந்தது. பேச்சியம்மா ஸ்டிக்கரைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தாள். "ஆறாத நெத்தில வச்சா எது பழைய அரிப்பு, எது புது அரிப்புன்னு தெரியாது" என்றேன். மற்ற ஐவரும் தாங்கள் வைக்கிறோம் என்றார்கள். அவர்களுக்கு நோட்டு எழுதத் தெரியாது. அரித்தாலும் எனக்காக இல்லை என்பார்கள். இருபத்தோரு வருடக் கட்டங்கள் ஒரே நெற்றியில் எடுத்தவை. ஒப்பிட வேண்டுமானால் அளவுகோலை மாற்றக் கூடாது. இது அடிப்படை.

இவ்வளவு காரணத்தையும் சொல்லி முடித்தபோது ஆறு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களிடம் வாதம் செய்யவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

ஜூலை 3, புதன்

கலவை 15. நெற்றி.

காலை 5.40. குளித்தபின் வைத்தேன். மோதிர விரல். கண்ணாடி தேவைப்படவில்லை, விரலுக்கு இடம் தெரிந்திருந்தது. எரிச்சல் இல்லை.

6.10. பேருந்து நிலையம். ஆவுடை டப்பாப் பையைக் கொண்டுவந்து நீட்டினான். என்னைப் பார்த்தான். பை கையில் அப்படியே நின்றது. எதிர்வீட்டுக்காரர் ஒருவர் டீக்கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். ஆவுடை எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு, "ஜன்னல் சீட்டாப் பாத்து உக்காராதிய மதினி. வேர்க்கணும்லா" என்றான்.

8.30. எஞ்சினுக்குப் பக்கத்து இருக்கை. நன்றாக வியர்க்கிறது. அரிப்பு இல்லை. பக்கத்தில் இருந்தவள் தன் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனாள். குழந்தை என் நெற்றியைத் தொட்டு விரலை வாயில் வைக்கப் போனது. பிடித்துக்கொண்டேன்.

10.20. அண்ணாச்சி கடை. அவர் தலை நிமிர்ந்து, "வாங்க தங்..." என்று நிறுத்தினார். பெஞ்சைத் துடைக்கச் சொன்னார். மின்விசிறியைப் போடச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லி வெயில் விழுகிற படியிலேயே நின்றேன்.

"மார்ச்சுலருந்து வந்த சரக்கு கெட்ட சரக்கு அண்ணாச்சி. கலவைய மாத்தினது நான்தான். வச்சுப் பாக்காம அனுப்பினதும் நான்தான். எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்கிடுதேன்."

"அதெல்லாம் எதுக்கு இப்ப..." அவர் கண் சுவரில் இருந்த காலண்டருக்குப் போனது.

"இங்க பாருங்க அண்ணாச்சி."

அவர் பார்க்கவில்லை. கடையில் இருந்த நான்கு பேரும் பார்க்கவில்லை. வியர்வை பொட்டைத் தாண்டிப் புருவத்துக்கு இறங்குவது எனக்குத் தெரிந்தது. வெள்ளைக் கைக்குட்டையால் அந்த இடத்தை ஒற்றி எடுத்து அவர் மேசையில் விரித்து வைத்தேன். சிவப்பு. ஓரத்தில்கூட மஞ்சள் இல்லை.

அதன்பிறகுதான் அவர் நிமிர்ந்தார். கைக்குட்டையைப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார், நன்றாக, சரக்கைப் பார்க்கிற கண்ணோடு. பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மூடியைப் பார்த்தார்.

"படம் இதே படந்தானா?"

"இதே படந்தான். அடில தேதி மட்டும் புதுசா வரும். என்னைக்கு அரைச்சது, என்னைக்குச் சோதிச்சதுன்னு."

"யாரு சோதிச்சா?"

கைக்குட்டையை மடித்து எடுத்துக்கொண்டேன். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "எட்டுப் பெட்டி அனுப்புங்க" என்றார். "திரும்பாம இருந்தா தட்டு ஒங்களுக்கு. திரும்பினா நான் பொறுப்பில்ல." பிறகு உள்ளே பார்த்து, தங்கச்சிக்கு மோர் கொண்டுவரச் சொன்னார்.

நாற்பது பெட்டி போன இடத்தில் எட்டு. சரி.

2.15. திருமங்கலம். பேருந்து பழுது. வெயிலில் இருபது நிமிடம். நிறம் மாறவில்லை.

மாலை 6.30. வீடு. ஆவுடை வாசலில் நின்றிருந்தான். எட்டு என்றேன். தலையாட்டினான். நான் கேட்காமலேயே, "சிவகாசிக்கு காலையிலயே போன் பண்ணிட்டேன் மதினி. பழைய படமே ஓடட்டும்னு" என்றான். கையெழுத்துக்குத் தாளை நீட்டினான். காலையில், பேருந்து கிளம்பிய உடனே செய்திருக்கிறான். அப்போது அண்ணாச்சி என்ன சொல்வார் என்று யாருக்கும் தெரியாது.

சரக்கு நோட்டில் மூன்று கட்டத்தையும் நிரப்பினேன். அரிப்பு: இல்லை. நிறம்: மாறவில்லை. பரவல்: சிறிது, இடப்பக்கம். 'நெற்றி' என்ற அச்செழுத்தின்மேல் இன்று கோடு போடவில்லை.

முன்பெல்லாம் நோட்டை மூடியதும் முகம் கழுவுவது வழக்கம். பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் வைத்துச் சோதித்ததே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. அது ஒரு குறைபாடு. நாளைக் காலை வரை பார்ப்பது நல்லது.

ஜூலை 4, வியாழன்

இருபத்துநான்கு மணி நேரம். அரிப்பு இல்லை. குளித்துவிட்டுப் புதிதாக வைத்துத் தொடர்கிறேன். ஒரு நாள் முடிவை நம்பக் கூடாது.

சிவப்பு அட்டைப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பென்சில் கோடுகளை அழித்தேன், ஒன்றைத் தவிர.

ஜூலை 11, வியாழன்

எட்டுப் பெட்டி போனது. ஒன்றும் திரும்பவில்லை. அண்ணாச்சி போனில் இன்னும் பன்னிரண்டு கேட்டார். இந்த முறை துக்கக் குரல் இல்லை. தாமதமாகிறது என்று சத்தம் போட்டார். கேட்க நன்றாக இருந்தது. பேச்சியம்மாவின் நெற்றி ஆறிவருகிறது.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. சோதனை தொடர்கிறது.